இருபதாம் இலக்கமும் ஏழாம் இலக்கமும்: ஒரு வரவு இடாப்பின் நிகழ்வு ஆய்வு

எங்கள் பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் பிள்ளை வந்தால் நீல மையில் ஒரு கோடு, வராவிட்டால் சிவப்பு மையில் ஒரு சுழியம். தரம் 10 இடாப்பில் இருபதாம் இலக்கத்துக்கு நேரே வைகாசி மாதத்துச் சுழியங்கள் பாசிமணி கோத்தது போல வரிசையாக நிற்கும். ஏழாம் இலக்கத்துக்கு நேரே அந்த மாதம் இரண்டே இரண்டு. பக்கத்தைப் பார்க்கிற எவரும் இருபதைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நானும் அவனைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க இருந்தது ஏழாம் இலக்கம்.

அந்த இரண்டு பிள்ளைகளைப் பற்றியும், இயந்திரக் கற்றலில், அதாவது பழைய தரவைப் பார்த்துக் கணினி தானே கற்று ஊகிக்கும் முறையில், இறுதியாண்டு ஆய்வு செய்த ஒரு பல்கலைக்கழக மாணவி எங்கள் இடாப்பை வாசிக்கப் பழகிய விதத்தைப் பற்றியும் எழுதுகிறேன். அவள் பழகியதில் பாதியை எனக்கும் பழக்கிவிட்டாள். பிள்ளைகளை இலக்கத்தால் மட்டும் சொல்கிறேன். ஊர், திருகோணமலையில் இருந்து நிலாவெளிப் பக்கம் போகும் வீதியில் கடற்கரைக்குத் திரும்பும் ஒழுங்கைகளில் ஒன்றுக்குள் இருக்கிறது. அந்த அளவு போதும்.

போர்த்துக்கல்லில் இருந்து வந்த 92

மாணவி என்னிடம் ஓ.எல்லுக்கு, அதாவது சாதாரண தரப் பரீட்சைக்கு, கணிதம் படித்தவள். ஒரு சனிக்கிழமை பின்னேரம் லப்டொப்போடு வீட்டுக்கு வந்தாள்.

“சேர், 92 வந்திருக்கு.”

“என்ன 92, பிள்ளை?”

“ஒரு பிள்ளை கணிதத்தில பாஸ் பண்ணுமா இல்லையா எண்டு நூறு தரம் கேட்டா 92 தரம் சரியாச் சொல்லுது, சேர்.”

எந்தப் பிள்ளைகள் என்று கேட்டேன். போர்த்துக்கல் பிள்ளைகள் என்றாள். அந்நாட்டின் அலென்தேசோ பகுதியில் உள்ள இரண்டு பள்ளிக்கூடங்களில் 2005–2006 கல்வியாண்டில் திரட்டிய தரவு. மின்யோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவுலோ கோர்ட்டெஸ், அலிஸ் சில்வா என்ற இருவர் அதை ஆராய்ந்து 2008இல் வெளியிட்டார்கள். கணிதத்துக்கு 395 பிள்ளைகள், போர்த்துக்கேய மொழிப் பாடத்துக்கு 649 பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அட்டவணையில் 33 நிரல்கள்: வயது, தாய் படித்த படிப்பு, வீட்டில் இணையம் உண்டா, பள்ளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று போகும். யாரும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். அதனால்தான் கல்வியில் இயந்திரக் கற்றல் என்று தலைப்பு எடுக்கிற மாணவர்கள் பலர் உலகமெங்கும் இதில் கை வைத்துத் தொடங்குகிறார்கள்.

அந்த 33 நிரல்களையும் எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன். கடைசி மூன்றும் புள்ளிகள். முதலாம் தவணை, இரண்டாம் தவணை, இறுதிப் புள்ளி; எல்லாம் 20க்கு, 10 எடுத்தால் பாஸ். தரவில் கற்று ஊகிக்கும் கணக்கை மாதிரி என்கிறார்கள். அது ஊகிக்க வேண்டியது இறுதிப் புள்ளியை. அதற்குக் கொடுத்த தகவல்களில் முதல் இரண்டு தவணைப் புள்ளிகளும் இருந்தன.

“இரண்டாம் தவணையில 20க்கு 6 எடுத்த பிள்ளை கடைசியில என்ன எடுக்கும் எண்டு சொல்ல எனக்கு லப்டொப் வேணுமா, பிள்ளை?”

அவள் பதில் சொல்லவில்லை. ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாள். நான் கேட்ட கேள்வியை அந்த இருவரும் முன்னமே கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் தவணைப் புள்ளியை அப்படியே தூக்கி இறுதிப் புள்ளியாக வைத்துக்கொண்டால், கணிதத்தில் பாஸா பெயிலா என்பது நூற்றுக்கு 91.9 பேருக்குச் சரியாக வருகிறது. நரம்பு வலையமைப்பு, கிளை கிளையாகக் கேள்வி கேட்டு விடைக்குப் போகும் முடிவு மரம், பல மரங்களைச் சேர்த்து வாக்கெடுக்கும் முறை என்று அவர்கள் ஓட்டிய எதுவும் அதைத் தாண்டவில்லை. சரி, அந்த இரண்டு தவணைப் புள்ளிகளையும் எடுத்துவிட்டுப் பார்த்தால்? 395 பேரில் 265 பேர் பாஸ். ஒன்றும் பார்க்காமல் “எல்லாரும் பாஸ்” என்று சொல்கிற ஆளுக்கே 67.1 கிடைத்துவிடும். முப்பது தகவல்களையும் வாங்கிய மாதிரிகளில் மிகச் சிறந்தது 70ஐச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, தங்கள் அட்டவணையிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே நான் அந்தக் கட்டுரையை மதிக்கிறேன். தரவை மட்டும் இறக்கி 92ஐ எடுத்துக்கொண்டு கட்டுரையை வாசிக்காமல் விடும்போதுதான் பிழை நடக்கிறது. மாணவியின் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவள் லப்டொப்பை மூடவில்லை. எனக்கு அவள் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

“மற்றவை” என்ற பெட்டி

அப்புறம் இருவரும் அந்த நிரல்களை ஒவ்வொன்றாக எங்கள் வகுப்புக்குப் பொருத்திப் பார்த்தோம். தகப்பனின் தொழிலுக்கு ஐந்து பெட்டிகள்: ஆசிரியர், சுகாதாரம், நிர்வாகம் பொலிஸ் போன்ற சேவைகள், வீட்டில் இருப்பவர், மற்றவை. எங்கள் வகுப்பை நினைத்துப் பார்த்தேன். மீன்பிடி, மேசன் வேலை, ஓட்டோ, வெங்காயத் தோட்டம், சீசனுக்கு ஹோட்டல் வேலை. ஏறக்குறைய முழு வகுப்பும் “மற்றவை”க்குள் போய் விழுந்தது. எல்லாருக்கும் ஒரே விடை வருகிற கேள்வி ஒரு பிள்ளையையும் இன்னொரு பிள்ளையையும் பிரித்துக் காட்டாது. மாதிரிக்கு அந்த நிரல் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

தாயும் தகப்பனும் சேர்ந்து இருக்கிறார்களா, பிரிந்து இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி. தாய் இரண்டு வருடமாகக் குவைத்தில், தகப்பன் வீட்டில், மாதா மாதம் காசு வருகிறது, ஒவ்வொரு இரவும் போனில் பேச்சு. இதை எந்தப் பக்கம் போடுவது? யுத்தத்திலும் 2004 கடலிலும் போனவர்களின் வீடுகளில் இந்தக் கேள்வியை எந்த முகத்தோடு கேட்பது? கிழமை நாளில் எவ்வளவு குடிப்பாய், காதல் உறவு உண்டா என்றும் நிரல்கள் இருக்கின்றன. அந்தக் கேள்வித்தாளோடு வகுப்புக்குள் போயிருந்தால் மறுநாள் காலை தாய்மார் அதிபரின் அறைக்கு முன்னால் நின்றிருப்பார்கள். அப்படி நிற்பதில் நியாயமும் இருந்திருக்கும்.

ஒரே ஒரு நிரல்தான் எங்களுக்கும் உரியதாக இருந்தது: வராத நாட்கள். அதுவும் வெறும் ஒரு எண். 0 தொடக்கம் 93 வரை. எந்த மாதம், எந்தக் கிழமை, தொடர்ந்தா விட்டு விட்டா என்ற எதுவும் அதில் இல்லை.

“அது எங்களிட்ட இருக்கு சேர்,” என்றாள். “உங்கட அலுமாரியில.”

இடாப்பைத் தட்டச்சு செய்தல்

அதிபரின் அனுமதியோடு மூன்று வருட இடாப்புகளைத் திறந்தோம். பெற்றோர் கூட்டத்தில் விஷயத்தைச் சொல்லி, விருப்பமில்லாதவர்களின் பிள்ளைகளை விட்டுவிட்டோம். பெயர்களை நான்தான் மூடினேன்; அவளுக்குப் போனது இலக்கமும் கோடும் சுழியமும் மட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகள் பற்றிய தரவைச் சிறப்பு வகையில் வைத்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் இதைத்தான் செய்திருப்போம். சின்ன ஊர், ஒரு பெயர் வெளியே போனால் திரும்பி வராது.

ஆசிரியர் அறையின் மூலையில், விசிறிக்குக் கீழே, பக்கங்கள் பறக்காமல் அடிமட்டத்தை வைத்து அழுத்திக்கொண்டு எக்செலில் ஏற்றினாள். மாரி மழையில் ஈரம் ஊறிச் சில தாள்கள் ஒட்டிப்போய் இருந்தன. சிவப்பு மை கசிந்து பக்கத்துக் கட்டத்துக்குள் போயிருந்தது. ஓரிடத்தில் சுழியத்துக்கு மேலே நீலக் கோடு கிழித்திருந்தது.

“இது வந்ததா வரல்லையா, சேர்?”

பிந்தி வந்த பிள்ளை அது. இடாப்புக் கூப்பிட்டபோது இல்லை. முதலாம் பாடம் பாதியில் வந்திருக்கிறது. எக்செலில் அதற்கு 1ஆ 0ஆ? நாங்கள் மூன்றாவதாக ஒரு குறி வைத்தோம். இப்படி ஒரு கட்டத்துக்கு ஒரு கட்டம் முடிவு எடுக்க வேண்டி வந்தது. ஆய்வறிக்கையில் “தரவு சுத்தம் செய்யப்பட்டது” என்று ஒரு வரியில் எழுதுவார்கள். அந்த வரிக்குள் இத்தனை நாள் இருக்கிறது. எங்கள் ஆய்வின் உண்மையான வேலை அங்கேதான் நடந்தது என்று இப்போதும் நினைக்கிறேன்.

காரணங்களையும் சேர்க்கலாம் என்று பெற்றோரின் கடிதங்களைக் கட்டுக் கட்டாக எடுத்தோம். எல்லாவற்றிலும் காய்ச்சல். மாதிரி ஒரு பக்கம் இருக்க, ஒரு மனிதனாலும் அந்தக் கடிதங்களில் இருந்து எதையும் கற்க முடியாது. அவற்றைக் கட்டித் திரும்ப வைத்துவிட்டோம்.

எல்லாம் ஏறி முடிந்து திரையில் மாத வாரியாக நிறம் பூசிப் பார்த்தபோது சிவப்பு திட்டுத் திட்டாக நின்றது. அதை வாசிக்க எனக்கு நிமிடம் ஆகவில்லை, அவளுக்கும்தான். இருவரும் இந்தக் கரையில் பிறந்தவர்கள். எங்கள் பக்கத்துக் கடல் வாடைக்காலத்தில் பொங்கிக் கிடக்கும். வாடைக்காற்று ஓய்ந்து கடல் படிந்த பிறகுதான் கரைவலை. வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்து விட்டு வரும். கயிற்றின் இரண்டு நுனியும் கரையில். விடியற்காலையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள், மீன் சேரும் மடி கரைக்கு வரும்வரைக்கும் கை விட முடியாது. ஆள் போதாத நாளில் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி பெரிய பெடியன்களைக் கூப்பிடுவார். பங்கு காசாகவும் கிடைக்கும், மீனாகவும் கிடைக்கும். அந்தத் திட்டுகள் அதுதான்.

இருபதாம் இலக்கம் அப்படி நிற்கிறவன். இரண்டு மூன்று கிழமை காணாமல் போவான், கயிறு தேய்த்த உள்ளங்கையோடு திரும்பி வருவான், விட்ட கணக்கைக் கேட்டு எழுதுவான், தவணைப் பரீட்சைக்குக் கட்டாயம் இருப்பான். மூன்று வருடமும் அவனுடைய சிவப்பு ஒரே மாதிரி: ஒரு கட்டி, பிறகு நீளமான நீலம். மொத்தத்தை மட்டும் எண்ணினால் வகுப்பிலேயே அதிகம் வராத பிள்ளை அவன்தான். வெறும் எண்ணிக்கையை வைத்து எச்சரிக்கை மணி அடிக்கிற எந்த மாதிரியும் அவனில்தான் போய் நின்றிருக்கும்.

இறங்குவரிசை

மாணவி எண்ணிக்கையை விட்டுவிட்டு இடைவெளிகளைக் கணக்கிட்டாள். ஒரு சுழியத்துக்கும் அடுத்த சுழியத்துக்கும் இடையில் எத்தனை பள்ளி நாள்? மிக நீளமான தொடர் எவ்வளவு? திரும்பி வந்த பிறகு எவ்வளவு காலம் நிற்கிறது? கிழமையில் எந்த நாள்? இவற்றைத்தான் மாதிரிக்குக் கொடுத்தாள்.

ஒரு நாள் பாடம் முடிந்து நான் கரும்பலகையை அழித்துக்கொண்டு நிற்க, உள்ளே வந்து சோக்கை எடுத்து எழுதினாள்: 18, 15, 11, 9, 6.

“ஏழாம் இலக்கம், சேர். இடைவெளி மட்டும்.”

பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனை வருடமாக இறங்குவரிசை படிப்பிக்கிறேன். என் சொந்த வகுப்பு இடாப்பில் ஒன்று கிடந்தது எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பது பிறகுதான் விளங்கியது. இடாப்பு மாதத்துக்கு ஒரு பக்கம். பக்கத்தின் ஓரத்தில் மொத்தத்தைப் போட்டுத் திருப்புகிறோம். அடுத்த மாதம் கணக்கு மறுபடி சுழியத்தில் இருந்து. இரண்டு, இரண்டு, மூன்று. ஒவ்வொரு பக்கத்திலும் அது சின்ன எண். பக்கங்களைச் சேர்த்துப் பிடித்தால்தான் சரிவு தெரியும். இயந்திரத்துக்குப் பக்கம் திருப்புகிற பழக்கம் இல்லை. இந்த இடத்தில் அது என்னைவிடக் கூர்மையாகப் பார்த்தது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அன்று பின்னேரமே சங்கீத ரீச்சரையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிள்ளை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றது. தாய் நான்கு மாதத்துக்கு முன் வெளிநாடு போய்விட்டார், வீட்டு வேலைக்கு. தகப்பன் கடலுக்கு. அப்பம்மாவுக்குக் கிளினிக் நாட்கள். அந்த நாட்களில் தம்பியைப் பார்க்க ஆள் இல்லை. அப்பம்மாவின் கால் மோசமாக, நாட்கள் கூடிக்கொண்டு போயின.

“இந்தத் தவணையோட நிக்கிறன், ரீச்சர்,” என்று எனக்கு முகம் தராமல் ரீச்சரிடம்தான் சொன்னது. “அப்பம்மாவுக்கு ஏலாது.”

ஊர் முன்பள்ளி ரீச்சரோடு பேசினோம். வயது இன்னும் வரவில்லை என்றாலும், மத்தியானம் வரை தம்பியை வைத்துக்கொள்ள அவர் சம்மதித்தார். பின்னேரத்துக்குப் பெரியம்மா ஒருவர். அவ்வளவுதான் நாங்கள் செய்தது. பிள்ளை வருகிறது. சுழியங்கள் இல்லாமல் போகவில்லை, ஆனால் இடைவெளி குறைவது நின்றுவிட்டது. ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: தாய் வெளிநாட்டில் என்பது எந்த நிரலிலும் இல்லை. மாதிரி சுட்டிக் காட்டியது ஒரு வரிசையை. காரணத்தைக் கண்டது வாசல்படியில்.

அந்த மரம் எவ்வளவு நல்லது

பல மரங்களைச் சேர்க்கும் முறைகளில் ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ என்பதைப் புள்ளியியலாளர் லியோ பிரைமன் 2001இல் முன்வைத்ததில் இருந்து எல்லாரும் அதையே விரும்புகிறார்கள். பெரும்பாலும் துல்லியம் கூடும். ஆனால் மாணவி ஒற்றை முடிவு மரத்தைத்தான் எடுத்தாள். ஒரு தாளில் வரைந்து ஆசிரியர் அறையில் வைக்கலாம், கிளை கிளையாகக் கேள்வியை வாசிக்கலாம், “இந்தக் கேள்வி பிழை” என்று ஒரு ரீச்சர் சொல்லலாம். சொல்லவும் செய்தார்கள். வெள்ளிக்கிழமை வராவிட்டால் ஆபத்து என்று மரம் ஒரு கிளை விட்டிருந்தது. அது கோயில் திருவிழாக் காலத்து வெள்ளிகள் என்று கண்டுபிடித்து அதை வெட்டினார்கள்.

சோதித்துப் பார்த்த விதத்திலும் ஒரு பாடம் இருந்தது. முதலில் எல்லா மாதங்களையும் கலக்கி, நூற்றுக்கு 80ஐக் கற்கவும் 20ஐச் சோதிக்கவும் வைத்திருந்தாள். வழமையான முறைதான். ஆனால் அப்படிச் செய்தால் ஒரே பிள்ளையின் சித்திரை கற்பதிலும் வைகாசி சோதனையிலும் வந்துவிடும். நாளைக்கு வரப்போகிற வினாத்தாளை இன்றைக்கே பயிற்சிக்குக் கொடுத்தது போல. பிறகு முதல் இரண்டு வருடத்தில் கற்க வைத்து மூன்றாம் வருடத்தில் சோதித்தாள். பெருமையான எண் இறங்கிவிட்டது. அவள் அதையே அறிக்கையில் எழுதினாள்.

அந்த எண்ணை நான் இங்கே தரப்போவதில்லை. மூன்று வருடத்தில் எங்களிடம் இடைநின்ற பிள்ளைகள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குவார்கள். அதை வைத்து நூற்று வீதம் சொன்னால் அது பொய் சொல்லும். 40 பேர் வகுப்பில் 4 பேர் நிற்கப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “ஒருவரும் நிற்க மாட்டார்கள்” என்கிற மாதிரிக்கு 90 வீதம் சரி. ஆனால் தேட வேண்டிய நாலு பேரையும் அது தவறவிட்டிருக்கும். நாங்கள் கேட்ட கேள்வி வேறு: நிற்கப் போகிறவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, அதற்காக எத்தனை வீட்டு வாசலுக்கு வீணாகப் போக வேண்டும்? வீண் நடைக்கு விலை அரை மணித்தியாலமும் கொஞ்சப் பெற்றோலும். தவறவிட்டால் விலை ஒரு பிள்ளை. அதனால் மணி கொஞ்சம் அதிகமாக அடித்தாலும் பரவாயில்லை என்று வைத்தோம். அதற்கும் எல்லை உண்டு. போக இருப்பது இரண்டு பேர், பள்ளி விட்ட பிறகு. ஒரு கிழமைக்கு எத்தனை வாசல் ஏற முடியுமோ அத்தனை இலக்கம்தான் பட்டியலில் வரலாம் என்று முடிவானது.

பட்டியல் யாரிடம்

இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு கூட்டத்தில் விஷயம் கேள்விப்பட்ட ஒருவர், இதே மாதிரியை ஓ.எல் பெறுபேற்றுக்குத் திருப்ப முடியுமா என்று கேட்டார். சாதாரண சித்திக்கு 35 புள்ளி. அந்த 35க்குப் பக்கத்தில் நிற்கிறவர்களைக் காட்டினால் அவர்களோடு மட்டும் கஷ்டப்படலாம், மற்றவர்களில் நேரம் செலவழிக்கத் தேவையில்லை என்றார். நல்லெண்ணத்தோடுதான் கேட்டிருப்பார். ஆனால் ஏழாம் இலக்கத்தைத் தேடிப் போக உதவிய அதே கணக்கு, இன்னொரு ஏழாம் இலக்கத்தைக் கைவிடவும் உதவும். கணக்கில் ஒரு வரியும் மாறாது.

இங்கிலாந்தில் 2020இல் கொரோனாவால் பரீட்சை நடக்காதபோது, பள்ளிக்கூடங்களின் பழைய பெறுபேறுகளை வைத்து ஒரு கணிப்பு முறை ஏ லெவல் தரங்களைத் தீர்மானித்தது. ஆசிரியர்கள் கொடுத்த தரங்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 40 கீழே இறக்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்புகளில் ஆசிரியர் கொடுத்தது அப்படியே நின்றது, அந்தச் சிறிய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 13 வெளியான பெறுபேறு 17ஆம் திகதி மீளப் பெறப்பட்டது. உன் பள்ளிக்கூடம் முன்பு நன்றாகச் செய்யவில்லை, ஆகவே நீயும் செய்ய மாட்டாய் என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வதை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில். பிள்ளைகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குக் காட்டும் முறை. அந்த விளக்குள்ள பாடங்களை அதிகம் எடுத்தவர்கள் பல்கலைக்கழகத்தில் அதிக காலம் நின்றார்கள் என்று பாராட்டப்பட்டது. 2013இல் சிலர் திருப்பிக் கேட்டார்கள்: அதிக காலம் நின்றதால்தானே அதிக பாடம் எடுத்தார்கள்? கொடியேற்றம் தொடக்கம் தீர்த்தம் வரை நின்றவர்தான் அன்னதானம் அதிக நாள் சாப்பிட்டிருப்பார். சாப்பிட்டதால் நின்றார் என்று சொல்ல முடியுமா? எங்கள் ஏழாம் இலக்கத்திலும் இதே கேள்வியை என்னிடமே கேட்கிறேன். நாங்கள் போகாவிட்டாலும் பெரியம்மா வந்திருப்பாரோ? ஒரு பிள்ளையை வைத்து அதைச் சொல்ல முடியாது.

ஆகவே இப்படி முடிவு செய்தோம். பட்டியல் வகுப்பாசிரியரிடம் மட்டும். இடாப்பிலோ சுவரிலோ எந்த அடையாளமும் இல்லை. பிள்ளைக்கு “உன்னைக் கணினி சொன்னது” என்று ஒருபோதும் சொல்வதில்லை. தவணை முடிய அழித்துவிடுவது. 35க்கான பட்டியல் செய்யப்படவில்லை.

குச்சவெளி தொடக்கம் மூதூர் வரை ஒவ்வொரு பள்ளிக்கூட அலுமாரியிலும் இப்படி இடாப்புகள் அடுக்கிக் கிடக்கின்றன. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, அங்கே கணினி படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நான்கைந்து பள்ளிக்கூடங்களின் இடாப்புகள் சேர்ந்தால், இடைநின்ற பிள்ளைகளின் எண்ணிக்கை விரல்களைத் தாண்டும். அப்போது எங்கள் மரம் நல்லதா என்று உண்மையாகவே சோதிக்கலாம். கிண்ணியாவில் சுழியங்கள் எந்த மாதத்தில் திட்டாக நிற்கும், தம்பலகாமத்தில் அறுவடைக்கு நிற்குமா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது. எங்கள் மரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அங்கே நட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மாணவியின் அறிக்கை ஒப்படைக்கப்பட்டுவிட்டது. ஒரு பிரதி ஆசிரியர் அறையில் இருக்கிறது, முடிவு மரம் வரைந்த தாளின் ஓரங்கள் கசங்கிவிட்டன.

இந்தக் கிழமை கடல் படிந்துவிட்டது. திங்கள் தொடக்கம் இருபதாம் இலக்கத்துக்கு நேரே சிவப்பு. நேற்று, முக்கோணவியல் பயிற்சியைக் கொப்பியில் எழுதி அவனுடைய தம்பியிடம் கொடுத்துவிட்டேன்.